எந்த எலும்பில், எதோடு?

(அம்பத்தூரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் அச்சு வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வண்டியின் ஏதாவது ஒரு பாகத்தைச் செய்தே குடும்பம் நடத்தியவர்கள். பாடியில் பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ். தொழிற்பேட்டைக்குள் போனால் போல்ட், கியர், ரப்பர் வளையம் என்று சந்துக்குச் சந்து ஒரு பட்டறை. ஆவடியில் டாங்கியே செய்கிறோம். ஓடுகிற வண்டியை நிறுத்த என்ன பாடுபட வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நின்ற பிறகும் நிற்காமல் முன்னால் போகிற ஒன்றைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். பின் சீட்டில் இருக்கும் இரண்டு வயதுப் பிள்ளை.

கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் என்னிடம் கேட்டது நேரான கேள்வி. குழந்தைக்கான கார் சீட் பல மாதிரி வருகிறதே, எந்த மாதிரிக் கட்டு நல்லது? தோள், இடுப்பு, தொடை நடு என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் வார் ஒரு மாதிரி. கடைக்காரர் அதை ஃபைவ் பாயின்ட் என்பார். வயிற்றுக்கு முன்னால் தடித்த மெத்தைத் தடுப்பு ஒன்றை வைத்து, அதன்மேல் கார் பெல்ட்டை இறுக்குவது இன்னொரு மாதிரி, அது ஷீல்டு. பிள்ளையை உயர்த்தி உட்காரவைத்துப் பெரியவர்களின் பெல்ட்டையே போட்டுவிடுவது பூஸ்டர். இவற்றோடு கடையில் விற்காத இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன், நம் பக்கத்தில் அவைதான் அதிகம் என்பதால். ஒன்று அம்மாவின் மடி. மற்றது ஸ்கூட்டரில் அப்பாவின் முதுகு.

இவை எல்லாவற்றையும் இரண்டே கேள்விகளால் அளந்துவிடலாம் என்பது என் கட்சி. மோதும்போது வருகிற விசையைப் பிள்ளையின் உடம்பில் எந்த எலும்பு வாங்குகிறது? பிள்ளையை எதோடு கட்டியிருக்கிறோம்? விலை, நிறம், மெத்தையின் கனம், பால்புட்டி வைக்கிற இடம், இதெல்லாம் அப்புறம்.

விசை எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு சி.டி.எச். சாலையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பக்கம் அந்த வேகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. இரவு பதினொரு மணிக்கு எல்லாரும் போகிறோம். அந்த வேகத்தில் சுவரில் மோதுவதும் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதும் ஒன்று. காரின் முன்பகுதி நசுங்கி அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இடம் கொடுக்கிறது என்று கணக்குப் போட்டால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 150 கிலோவுக்கு மேல் தாங்குகிற பிடி வேண்டும். அது சராசரி. உச்சம் இன்னும் மேலே போகும். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரி தாண்டி நூறில் போகிறவர்கள் இந்தக் கணக்கை நான்கால் பெருக்கிக்கொள்ளலாம். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு.

இப்போது மடிக்கு வருவோம். "நான் கெட்டியாப் பிடிச்சுக்குவேன்" என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். அன்பில் சந்தேகமில்லை. கை 150 கிலோவைப் பிடிக்காது, அவ்வளவுதான். அம்மா பெல்ட் போடாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: முன்னால் பறக்கும் பிள்ளையின் பின்னாலேயே அம்மாவின் 60 கிலோவும் வந்து, முன் சீட்டின் முதுகுக்கும் தனக்கும் நடுவில் பிள்ளையை நசுக்கும். சிலர் புத்திசாலித்தனமாக ஒன்று செய்வார்கள். தன் பெல்ட்டுக்குள்ளேயே பிள்ளையையும் வைத்துக் கட்டிக்கொள்வார்கள். இருக்கிற எல்லா வழிகளிலும் மிக மோசமானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அங்கே அம்மாவின் முழு எடையையும் பெல்ட்டுக்கு முன்பாகப் பிள்ளையின் வயிறு வாங்குகிறது. என் முதல் கேள்விக்கு விடை, எந்த எலும்பும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு விடை, பிள்ளையைக் காரோடு அல்ல, காருக்குள் பறக்கப்போகிற இன்னொரு உடம்போடு கட்டியிருக்கிறோம்.

முன் சீட்டு மடிக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் நாட்டில் 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கும், பிறகு 2021இலிருந்து படிப்படியாகப் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் கட்டாயமானது. அது பெரியவர்களைக் காப்பாற்ற வந்தது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வெடித்து விரிகிறது. பழைய மாருதி 800இல் முன் சீட்டில் மடியில் பிள்ளையை வைத்துப் போனது ஆபத்து என்றால், புதுக் காரில் அது அதைவிடப் பெரிய ஆபத்து. பின்னோக்கி வைக்கிற குழந்தை சீட்டையும் இயங்கும் ஏர்பேக்குக்கு முன்னால் ஒருபோதும் வைக்கக் கூடாது. கார் பாதுகாப்பாகிவிட்டது என்ற தைரியத்தில் பழைய பழக்கத்தைத் தொடர்கிறவர்கள் இதை ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கட்டுவது பற்றி மனிதன் முறையாகக் கற்றுக்கொண்டது கார்த் துறையில் அல்ல, விமானத்துறையில். 1954 டிசம்பர் 10ஆம் தேதி அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், நியூ மெக்சிகோவில் ராக்கெட் பூட்டிய சறுக்குவண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போய், ஒன்றரை விநாடிக்குள் நின்றார். புவியீர்ப்பைப்போல் 46 மடங்கு விசை. கண்ணில் ரத்தம் கட்டிக்கொண்டது. பார்வை திரும்பிவர நேரம் பிடித்தது. ஆனால் பிழைத்தார், நடந்தார், இன்னும் பல வருடங்கள் வாழ்ந்து கார் பெல்ட்டுக்காக வாதாடினார். அவர் பிழைத்ததற்குக் காரணம் வார்கள் தோளிலும் இடுப்பிலும் சரியாக உட்கார்ந்திருந்தது. மனித உடம்பு நினைத்ததைவிட அதிகம் தாங்கும், சரியான இடத்தில் பிடித்தால். அதே ஸ்டாப் இன்னொன்றும் கவனித்தார்: பின்னோக்கி உட்கார்ந்தால் உடம்பு இன்னும் எளிதாகத் தாங்குகிறது. அப்போது விசை வாரில் விழுவதில்லை. முதுகு முழுக்கப் பரவிவிடுகிறது.

இந்த இரண்டாவது பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தவர் ஸ்வீடன்காரர், பெர்டில் ஆல்ட்மன். ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்தபடி ஏவுதலின் விசையை முதுகில் வாங்குவதைப் பார்த்து, குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கை ஒன்றை 1960களின் தொடக்கத்தில் யோசித்தார். வோல்வோ 1964இல் மாதிரி ஒன்றைச் சோதித்தது; 1972இல் விற்பனைக்கே கொண்டுவந்தது. இன்றைக்கும் ஸ்வீடனில் நான்கு வயதுவரை பிள்ளைகளைப் பின்னோக்கி உட்காரவைப்பது சாதாரணம்.

ஏன் பின்னோக்கி? பிள்ளை என்பது சின்ன அளவில் செய்த பெரியவர் இல்லை. பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு தலை. நமக்கு எட்டில் ஒன்றுக்குச் சற்றுக் கூட. கழுத்தின் முள்ளெலும்புகள் அந்த வயதில் முழு எலும்பே அல்ல. இடையில் குருத்தெலும்பு இருக்கிறது, அது இறுகி ஒன்றுசேர மூன்றிலிருந்து ஆறு வயதாகும். முன்னோக்கி உட்கார்ந்த ஒரு வயதுக் குழந்தையின் தோளை வார் அழகாகப் பிடித்து நிறுத்திவிடும். தலையை யார் நிறுத்துவது? கழுத்து நிறுத்த வேண்டும். முள்ளெலும்பு நீண்டுகொடுக்கும், உள்ளே இருக்கிற தண்டுவடம் அந்த அளவு நீளாது. பின்னோக்கி வைத்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே சமயத்தில் சீட்டின் ஓட்டில் அழுந்தும். கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிக்கிறவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே, உள்ளங்கை முழுவதாலும் வாங்குவான் அல்லவா, ஓடு செய்வது அந்த வேலைதான்.

அதனால் எந்த வார் என்ற கேள்விக்கு முன்னால் எந்தத் திசை என்ற கேள்வி வருகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011இல் இரண்டு வயதுவரை பின்னோக்கி என்றது. 2018இல் வயதையே எடுத்துவிட்டு, சீட்டின் எடை உயர வரம்பு தாங்கும்வரை பின்னோக்கி என்றது. ஐரோப்பாவின் ஆர்-129 விதி குறைந்தது 15 மாதம் என்கிறது. நம் வீடுகளில் ஒரு வயது நிறைந்து காதுகுத்து முடிந்ததும் "வேடிக்கை பார்க்கட்டுமே" என்று திருப்பிவிடுகிறோம். காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறதே, பாவம் என்பார்கள். பிள்ளை காலை மடக்கித்தான் உட்காரும். வீட்டில் தரையில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்.

பின்னோக்கிய சீட்டில் வாரின் வேலை குறைவு. சின்னக் குழந்தைகளைத் தூக்கிச் செல்லும் கூடை மாதிரிச் சீட்டுகள் சிலவற்றில் இரண்டு தோள் வாரும் நடு வாரும் மட்டும், மூன்று முனைதான் இருக்கும். ஓடுதான் பாரத்தைச் சுமக்கிறது என்பதால் அது ஏற்கத்தக்கதே. முன்னோக்கித் திருப்பிய நாளிலிருந்து மொத்த பாரமும் வாருக்கு வந்துவிடும். மாதிரிகளுக்கு நடுவில் உண்மையான வேறுபாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஐந்துமுனை வாரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வார் காறை எலும்பின் மேல், இரண்டு இடுப்பெலும்பின் மேல். நடுவில் இருக்கிற ஐந்தாவதைப் பலரும் பிள்ளை வழுக்கி விழாமல் இருக்க என்று நினைக்கிறார்கள். பாதி சரி. அதன் முக்கிய வேலை இடுப்பு வாரைக் கீழே இழுத்துப் பிடித்து, வயிற்றுக்கு ஏறாமல் இடுப்பெலும்பிலேயே வைத்திருப்பது. நம் பக்கத்தில் இந்த ஐந்தாவது வாருக்குப் பெரிய எதிரி பட்டுப்பாவாடை. திருவேற்காட்டில் கல்யாணம், பிள்ளைக்குச் சரிகைப் பாவாடை, நடு வாரைப் போட்டால் பாவாடை கசங்கும் என்று அதை மட்டும் விட்டுவிட்டுத் தோள் வாரை மாட்டுவார்கள். பூட்டே சரியாக விழாத சீட்டுகள் உண்டு. விழுந்தாலும் மோதும்போது பிள்ளை அடியால் நழுவும், இடுப்பு வார் வயிற்றில் ஏறும், தோள் வார் கழுத்துக்கு வரும். பாவாடையைத் தூக்கிவிட்டு வாரைப் போடுங்கள், அல்லது மண்டபத்தில் போய் உடுத்துங்கள். 

ஷீல்டு மாதிரி வேறு யோசனை. தோள் வாரே கிடையாது. மோதும்போது பிள்ளை மெத்தைத் தடுப்பின் மேல் கவிழ்ந்து மடங்குகிறது. விசை மார்பிலும் வயிற்றிலும் அகலமாகப் பரவுகிறது. தோளைப் பின்னால் இழுத்துப் பிடிக்காததால் உடம்பு தலையோடு சேர்ந்து போகிறது, கழுத்தின் பாரம் குறைகிறது. சோதனைப் பொம்மைகளின் கழுத்தில் பதிவாகும் எண்கள் இந்த வாதத்துக்குச் சாதகமாக வந்ததுண்டு. ஜெர்மனியில் இதற்குப் பெரிய ஆதரவு. தோள் வாரில் கையை உருவிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது நல்லது என்றும், மாட்டுவது சுலபம், தப்பு வர வாய்ப்பு குறைவு என்றும் சொல்வார்கள். நியாயமான வாதங்கள். ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும் நான் ஐந்துமுனை பக்கம்தான் நிற்கிறேன். என் முதல் கேள்வியைக் கேட்டால் ஷீல்டின் விடை மழுப்பலாக இருக்கிறது: கொஞ்சம் விலா, கொஞ்சம் வயிறு, கொஞ்சம் தொடை. வயிற்றில் ஈரலும் மண்ணீரலும் இருக்கின்றன, எலும்பு இல்லை. இரண்டாவது காரணம்: வண்டி உருளும்போது என்ன ஆகும்? நேராக மோதினால் பிள்ளை தடுப்பின் மேல் கவிழும், சரி. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையிலோ வெளிவட்டச் சாலையிலோ டயர் வெடித்து வண்டி குப்புற உருண்டால், மேல்பக்கம் பிள்ளையைப் பிடிக்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் தடுப்பு வைத்த சீட்டுகள் பல வகை விற்றன. ஷீல்டு வைத்த பூஸ்டர்களிலிருந்து பிள்ளைகள் வெளியே தூக்கி எறியப்பட்ட விபத்துகள் வெளிவந்த பிறகு, குழந்தை மருத்துவர்கள் அவற்றை வேண்டாம் என்றார்கள். அங்கே சந்தையிலிருந்தே அவை மறைந்தன. இன்றைய ஐரோப்பிய ஷீல்டு அந்தப் பழைய சரக்கு அல்ல, வடிவமைப்பு எவ்வளவோ மேம்பட்டது. இருந்தாலும் அது பிள்ளையின் உடலளவோடு மிகச் சரியாகப் பொருந்த வேண்டும். ஒல்லிப் பிள்ளைக்கும் தடுப்புக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் பாதிப் பயன் போய்விடும். மே மாதத்து அம்பத்தூரில் வயிற்றில் மெத்தையைக் கட்டிக்கொண்டு எந்தப் பிள்ளை உட்காரும் என்பது தனிக் கேள்வி.

ஐந்துமுனை வாரின் குறை, அது கவனமாகப் போட்டால் மட்டுமே வேலை செய்யும். அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது ஏறத்தாழப் பாதிச் சீட்டுகள் தப்பாகவே பொருத்தப்பட்டிருந்தன. நாற்பது வருடச் சட்டமும் பழக்கமும் உள்ள நாட்டில். நாம் இப்போதுதான் ஆரம்பிக்கிறோம். பார்க்க வேண்டியது அதிகமில்லை. வார் வெளிவரும் துளை, பின்னோக்கி இருக்கும்போது தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். முன்னோக்கி இருக்கும்போது சமமாகவோ சற்று மேலேயோ. இறுக்கிய பிறகு தோள் பக்கத்தில் வாரை இரண்டு விரலால் நெடுக்குவாட்டில் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் இன்னும் தளர்வு இருக்கிறது. சீட்டைப் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்தால்தான் அந்த இறுக்கம் வரும். கையால் மட்டும் வராது. வெயிலில் நின்ற காரில் பூட்டின் உலோகம் பிள்ளையின் தொடையில் சுடும். பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சீட்டின் மேல் போட்டுவிட்டு இறங்குங்கள்; ஒரு முறை சுட்டுக்கொண்ட பிள்ளை மறுபடி அந்தச் சீட்டில் ஏறாது.

ஏறாத பிள்ளை என்றதும் வீட்டு அரசியலுக்கு வந்துவிடுகிறோம். வண்டி கிளம்பிப் பத்து நிமிடத்தில் அழுகை. "ஏம்மா, பச்சப் பிள்ளைய இப்படிக் கட்டிப் போட்டு வச்சிருக்க? எங்கிட்டக் குடு." "இருங்க அத்தை, வண்டி நிக்கட்டும்." இந்த இரண்டு வரியில் யார் ஜெயிப்பார் என்று உங்களுக்குத் தெரியும். ஆறு மாதத்திலிருந்தே சீட்டில் உட்கார்ந்து பழகிய பிள்ளை அழுவது குறைவு. இரண்டு வயதில் திடீரென்று கட்டினால் ஊரைக் கூட்டும். தள்ளிப்போடாமல் சீக்கிரம் தொடங்கினால் மாமியாரும் மருமகளும் சமாதானமாக இருக்கலாம். அத்தையின் பக்கமும் நியாயம் உண்டு: அவர் தூக்கி வளர்த்த பிள்ளைகள் அம்பாசிடரில் மடியிலேயே போய் வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்து சொல்லப்போவதில்லை.

பிள்ளை நான்கு ஐந்து வயது தாண்டி, சீட்டின் வார் வரம்பை மீறி வளர்ந்த பிறகு பூஸ்டர். நம் ஊரில் முற்றிலும் விட்டுப்போன கட்டம் இதுதான். சீட் வாங்குகிறவர்கள்கூட அதன்பின் பிள்ளையை நேராகப் பெரியவர்களின் பெல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் இடுப்பெலும்பின் முன்முகடு இன்னும் முழுதாக வளரவில்லை; பெல்ட் அதில் கொக்கி போட்டதுபோல் நிற்காமல் வயிற்றுக்கு வழுக்கிவிடும். குடல் கிழிவு, இடுப்பு முதுகெலும்பு முறிவு, இவற்றை மருத்துவர்கள் பெல்ட் காயம் என்றே ஒன்றாகச் சொல்வார்கள். பூஸ்டர் ஒரு தந்திரமும் செய்வதில்லை. பிள்ளையை உயர்த்தி, இடுப்பு பெல்ட்டைத் தொடையின் மேல்பகுதிக்கும், தோள் பெல்ட்டைக் கழுத்திலிருந்து தோளின் நடுவுக்கும் கொண்டுவருகிறது. தோள் பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்று பிள்ளை அதைக் கைக்கு அடியில் தள்ளிக்கொண்டால் பாருங்கள், அது பூஸ்டர் கேட்கிறது என்று அர்த்தம். சிங்கப்பூரில் 2012 முதல் 1.35 மீட்டர் உயரம் வரும்வரை இது சட்டம். மலேசியாவில் 2020இல் குழந்தை சீட் கட்டாயமானது. அங்கிருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்கள் சீட்டைத் தூக்கிக்கொண்டு விமானத்தில் இறங்குவதைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். ஓர் எச்சரிக்கை: இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள பழைய வண்டிகளின் நடு சீட்டில் பூஸ்டரை வைக்கவே கூடாது. தோளைப் பிடிக்க ஒன்றுமில்லாமல் உயரத்தில் உட்காரவைத்தால் தலைதான் முதலில் போய் முட்டும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 194பி பிரிவு: பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தைக் கட்டு அமைப்போ இல்லாமல் ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம். சட்டம் வந்த அதே வேகத்தில் மறக்கப்பட்டது. எந்தச் சிக்னலிலும் குழந்தை சீட் எங்கே என்று கேட்டு நான் பார்த்ததில்லை. காரைச் செய்கிறவர்கள் பக்கம் கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. 2023 அக்டோபரிலிருந்து நடக்கும் பாரத் என்கேப் என்ற கார் மோதல் மதிப்பீட்டில் பிள்ளைப் பாதுகாப்புக்கு என்றே 49 புள்ளி. ஒன்றரை வயது, மூன்று வயது அளவுப் பொம்மைகளைச் சீட்டில் கட்டி மோதவிடுகிறார்கள். ஒரகடத்தில் நமக்குப் பக்கத்திலேயே மோதல் சோதனைக்கூடம் இருக்கிறது. விளம்பரத்தில் ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்துக் கார் வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பிள்ளைக்கான அந்த நட்சத்திரம் சீட்டில் கட்டிய பொம்மைக்குக் கிடைத்தது. மடியில் இருக்கும் பிள்ளைக்கு அதில் பங்கில்லை.

இனி ஸ்கூட்டர். கார் வைத்திருப்பவர்களைவிட ஸ்கூட்டரில் பிள்ளையைக் கொண்டுபோகிறவர்கள்தான் இங்கே அதிகம். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்து ஓராண்டு கழித்து அமலுக்கு வந்த விதி, நான்கு வயதுவரை பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் வாரும் வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. பிள்ளைக்கு ஒரு சட்டைபோல் மாட்டி, அதிலிருந்து வரும் வாரை ஓட்டுபவர் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். வார் 30 கிலோ தாங்கினால் போதும் என்று விதி சொல்கிறது. நான் முதலில் போட்ட 150 கிலோ கணக்கை நினைத்துப் பாருங்கள். அப்படியானால் இது மோதலுக்கான கட்டு அல்ல. தூங்கிச் சரிகிற பிள்ளை விழாமல் இருக்க, பள்ளத்தில் ஏறி இறங்கும்போது நழுவாமல் இருக்க. அந்த வேலைக்கு நல்லது, வாங்குங்கள். ஆனால் இரண்டாவது கேள்விக்கு அதன் விடை, பிள்ளை வண்டியோடு அல்ல, அப்பாவோடு கட்டப்பட்டிருக்கிறது. அப்பா விழுந்தால் பிள்ளையும் விழும். அதனால் இங்கே உயிர் காப்பது வாரைவிட ஹெல்மெட்டும் அந்த 40 கிலோமீட்டரும்தான். ஸ்கூட்டரின் முன்னால் பிள்ளையை நிற்கவைத்து ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொல்வதற்கு எந்தக் கேள்வியிலும் மதிப்பெண் இல்லை.

வாடகைக் கார் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே முதல் பிரச்சினை சீட் அல்ல, பெல்ட்டின் பூட்டு. பின் சீட்டுக்கு உறை தைத்துப் போடும்போது பூட்டை உறைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். ஏறியதும், "அண்ணே, பின்னாடி பெல்ட் மாட்டுற பூட்டு எங்க இருக்கு?" என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் எடுத்துத் தருவார்கள். சீட்டை நேராகக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இல்லாத பழைய கார் என்பதற்காகச் சீட்டே வேண்டாம் என்று விடாதீர்கள். பெல்ட்டால் இறுக்கிய சீட்டும் அதே அளவு காக்கும், பொருத்துவதில் தப்பு வர வாய்ப்பு மட்டும் கூடுதல். சின்னக் கார்களில் பின்னோக்கிய சீட்டைச் சுற்றிவரப் பெல்ட் நீளம் போதாமல் போவதுண்டு. அதனால் காசு கொடுக்கும் முன் உங்கள் காரிலேயே வைத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிற லேபிளில் வட்டத்துக்குள் ஈ எழுத்து இருந்தால் ஐரோப்பாவின் ஆர்-44 அல்லது ஆர்-129 தேர்வு, ஏஐஎஸ்-072 என்றிருந்தால் ஆர்-44ஐ ஒட்டிய நம் நாட்டுத் தேர்வு. இரண்டுமில்லாமல் துணியும் கொக்கியுமாக முன்னூறு ரூபாய்க்கு வருவதை வாங்காதீர்கள்.

அண்ணன் பிள்ளையின் சீட்டைத் தம்பி பிள்ளைக்குக் கொடுப்பது நம் வழக்கம். கொடுக்கலாம். அடியில் தயாரித்த தேதி இருக்கும், காலாவதியும் இருக்கும்; நம் வெயிலில் பிளாஸ்டிக் சீக்கிரம் உலர்ந்து வெடிக்கும். விபத்தில் இருந்த சீட் என்றால் பார்க்க நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பின்னோக்கிய சீட் ஒன்று, ஐந்துமுனை ஒன்று, பூஸ்டர் ஒன்று என்று வைத்திருக்கிறோம். யாரும் எதையும் விற்கப்போவதில்லை. உங்கள் காரைக் கொண்டுவந்து பொருத்திப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வார் எந்த எலும்பில் விழுகிறது என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.